சாய்ஸில் விட்ட பாடம்

இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி பஞ்சவர்ணம் சின்னம்மா வேக வேகமாக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். பத்து மூச்சு. அப்புறம் கண்ணாடியை முகத்தில் இறக்கிவிட்டு முங்கினாள். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வல்லம் என்கிற நாட்டுப் படகின் நிழலில் நான் உட்கார்ந்திருந்தேன். மடியில் உடலியங்கியல் நோட்ஸ். மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டுத் தேர்வுக்குப் படிக்க விடுமுறை விட்டிருந்தார்கள்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. மண்டபம் என்கிற ஊருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் கடற்கரைக் கிராமத்தில் பாசி எடுக்கும் பெண்களில் ஒருத்தி. கடலுக்கடியில் பாறையோடு ஒட்டி வளரும் பாசியை முங்கிப் பிடுங்கி, இடுப்பில் கட்டிய பையில் திணித்து, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி முங்க வேண்டும். கடல் வற்றுகிற நாட்களில் காலையிலிருந்து உச்சி வெயில் வரைக்கும் இதே வேலை. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, பாறை குத்தாமலிருக்க ரப்பர் செருப்பு. காற்று நிரப்பிய சிலிண்டர் கிடையாது, குழாய் கிடையாது. நெஞ்சுக்குள் இருக்கிற மூச்சுதான்.

பையைக் கொட்ட வந்தவள், ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் குந்தினாள். என்ன படிக்கிறாய் என்று கேட்டாள். மூச்சைப் பற்றித்தான் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்ப உன்ட்ட ஒண்ணு கேக்கணும் தாயி. முங்குறதுக்கு முன்னாடி பத்து மூச்சு வெரசா இழுத்து விடுறோம்ல, அப்படிச் செஞ்சா முட்டு லேட்டா வருது. ஆனா சில நேரம் தலை கிறுகிறுங்குது. அது நல்லதா, கெட்டதா?”

முட்டு என்றால் மூச்சு முட்டுவது. தண்ணீருக்குள் இருக்கும்போது நெஞ்சு அடைத்து, இதற்கு மேல் முடியாது, ஏறு என்று உடம்பு தள்ளுமே, அதற்கு எங்கள் பெண்கள் வைத்திருக்கிற பேர். முட்டு வந்தால் ஏறிவிட வேண்டும். உள்ளே எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்ல அவர்களுக்கு வேறு எதுவும் கிடையாது.

எனக்குப் பதில் தெரியாது. அந்தப் பாடத்தை நான் படிக்கவே இல்லை. ஆனாலும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“நல்லதுதான் சின்னம்மா. ஆக்ஸிஜன் நிறைய உள்ள போகும்ல. இன்னும் கூட இழுத்தாலும் நல்லதுதான்.”

அவள் தலையாட்டிக்கொண்டு எழுந்து போனாள். நான் அவளைக் கொல்லப் பார்த்தது அப்படித்தான். இதைப் பதமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. வந்தாலும் சொல்ல மாட்டேன்.

இந்த வாரம் ஏன் இந்தக் கோபம்

போன வாரம் இந்தப் பத்தியில் விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் சிரித்துச் சிரித்து மாய்ந்ததாகச் சொன்னார்கள். இந்த வாரமும் அப்படி ஏதாவது எழுதத்தான் நினைத்திருந்தேன். நான் வேலை பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்திரை வாங்க வந்த ஒருவர் அதைக் கெடுத்துவிட்டார். அவர் மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. சந்தோஷமாகப் போனை நீட்டி, வாட்ஸப்பில் சீனியர்கள் அனுப்பியதாம், இது போதுமா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

பார்த்தேன். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. நான் படித்த காலத்தில் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்த அதே லிஸ்ட், இப்போது அழகாக டைப் அடித்து, கலர் கலராக, பிடிஎஃப்பாக வந்திருக்கிறது. எதைப் படிக்க வேண்டும், எதை விட வேண்டும். கடைசிப் பக்கத்தில் மலை உச்சியிலும் கடலுக்கடியிலும் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்ற பாடத்துக்கு நேரே அதே வார்த்தை: ‘சாய்ஸ்.’

அந்த மனிதரிடம் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. நர்சம்மா வந்து மெதுவாக, டாக்டர், அவருக்கு ஏற்கெனவே பிரஷர் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் என் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்று தெரிந்தது.

எல்லாம் இருக்கிற புத்தகம்

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், உடலியங்கியலுக்கு எந்தப் புத்தகம் வாங்குவது என்று ஒரே குழப்பம். பேராசிரியர் ஒன்றைச் சொன்னார். நூலகர் வேறொன்றைக் காட்டினார். விடுதியில் ஆளுக்கொன்று சொன்னார்கள். மொத்தத்தில் இரண்டு கட்சி. வெளிநாட்டுக்காரர் எழுதிய தடிப் புத்தகம் ஒரு கட்சி. நம்மூர்க்காரர்கள் கேள்வி பதிலாகப் பிரித்து எழுதிய ஒல்லிப் புத்தகம் இன்னொரு கட்சி. தடியைப் படித்தால் புரியும், ஒல்லியைப் படித்தால் பாஸாகலாம் என்பார்கள். இந்த இரண்டும் வேறு வேறு என்பதை எல்லோரும் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்கள் என்று இன்று நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

புத்தகம் வாங்க அய்யாவோடு, அதாவது என் அப்பாவோடு, சின்னம்மாவும் மதுரைக்கு வந்திருந்தாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றதும், புத்தகம் என் செலவு, யாரும் குறுக்கே வரக் கூடாது என்று அடித்துச் சொல்லிவிட்டாள். கடையில் இரண்டு புத்தகத்தையும் இரண்டு கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தாள். கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“இதுல எல்லாம் இருக்கா?”

“எல்லாம் இருக்கும்மா” என்றார் அவர், தடிப் புத்தகத்தைக் காட்டி.

சின்னம்மா அதையே வாங்கினாள். ஊருக்கு வந்ததும் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, அதற்கு மேல் பிளாஸ்டிக் தாளும் சுற்றினாள். உப்புக் காற்று தாளைத் தின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். நான் அதை விடுதிக்குத் தூக்கிப் போனேன். இரண்டாவது மாதமே ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்து, எங்கள் வீட்டு இரும்பு அலமாரியில் வைத்துவிட்டேன். பையில் கனம், இடத்தை அடைக்கிறது என்று காரணம் சொன்னேன். பத்திரமா இருக்கட்டும் தாயி, பெறகு படிக்கலாம் என்று சின்னம்மாவும் சொன்னாள்.

நான் படித்தது ஒல்லி. அதையும் முழுசாக இல்லை.

கார்த்தி அண்ணனின் லிஸ்ட்

கார்த்தி அண்ணன் எங்களுக்கு இரண்டு வருடம் சீனியர். நல்லவர். இதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவரைத் திட்டத்தான் போகிறேன். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து, ஆங்கிலத்தில் நடக்கிற வகுப்பில் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்த எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன் என்றவர் அவர் ஒருத்தர்தான். பேராசிரியர் திரையில் ஓடுகிற வரிகளைத் திரையைப் பார்த்தே வாசித்துவிட்டுப் போவார். சந்தேகம் கேட்டால், இதுகூடத் தெரியாமலா இங்கே வந்தாய் என்பார். அதற்கு கார்த்தி அண்ணன் எவ்வளவோ மேல்.

அவரிடம் ஒரு லிஸ்ட் இருந்தது. அவருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. பழைய கேள்வித்தாள்களை எல்லாம் அலசி, எந்தக் கேள்வி எத்தனை தடவை வந்திருக்கிறது என்று கோடு கோடாகப் போட்டிருந்தார்கள். நிறையக் கோடு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு கோடு இருந்தால் நேரமிருந்தால் பார்க்கலாம். கோடே இல்லை என்றால் சாய்ஸில் விட்டுவிட வேண்டும்.

கேள்வித்தாளில் சாய்ஸ் இருக்கிறதோ இல்லையோ, விடுவதற்குப் பெயர் அதுதான். பள்ளிக்கூடத்திலிருந்தே பழகிய வார்த்தை. பத்தாம் வகுப்பில் ஒரு செய்யுளைச் சாய்ஸில் விட்டோம், பன்னிரண்டில் ஒரு முழுப் பாடத்தையே விட்டோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. உடம்பின் ஒரு பகுதியையும் அப்படி விடலாம் என்று ஏன் எங்களுக்கு நெருடவே இல்லை? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூச்சு மண்டலத்தில் கடைசிப் பாடம் மலை உச்சியும் ஆழ்கடலும். அதற்கு நேரே கோடு இல்லை. கார்த்தி அண்ணன் சிரித்துக்கொண்டே, நம்மில் யார் எவரெஸ்ட் ஏறப் போறோம், யார் கடல்ல குதிக்கப் போறோம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விவரம் தெரிந்த நாள் முதல் வீட்டில் ஈரச் சேலை காய்வதைப் பார்த்தவள், சின்னம்மா காது வலிக்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றியவள், நான். சிரித்துவிட்டு, பென்சிலால் அந்தப் பாடத்தின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

அந்த அறையில் கடலில் முங்குகிற வீட்டிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பாடத்தை விடக் கூடாத ஒரே ஆள்.

அடிச்சு விடு

லிஸ்ட்டோடு இன்னொரு பாடமும் கொடுத்தார். வைவாவுக்கு. எதிரே உட்கார்ந்து தேர்வாளர் வாயால் கேள்வி கேட்பார், உடனே பதில் சொல்ல வேண்டும். அதற்குக் கார்த்தி அண்ணன் சொன்ன விதி ஒன்றே ஒன்று. தெரியாது என்று மட்டும் சொல்லக் கூடாது. தெரியாது என்றால் பூஜ்யம். எதையாவது சொன்னால் பாதியாவது கிடைக்கும். தயங்கக் கூடாது, கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், குரல் நடுங்கக் கூடாது. அடிச்சு விடு.

இதற்குப் பயிற்சியே நடந்தது. ஒருத்தி தேர்வாளராக உட்காருவாள். வாயில் வந்ததைக் கேட்பாள். தெரியாத கேள்விக்கு யார் அதிக நேரம் தடங்கலில்லாமல் பேசுகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். நான் அதில் கெட்டிக்காரி. ஆங்கிலம் தட்டுத் தடுமாறுமே தவிர, முகத்தில் ஒரு சலனம் இருக்காது. உனக்கு வைவா பிரச்சனையே இல்லை என்று அண்ணன் என் முதுகில் தட்டினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இப்போது தெரிகிறதா, அன்றைக்குக் கரையில் என்ன நடந்தது என்று? சின்னம்மா கேட்டது உடம்பைப் பற்றிய கேள்வி. நான் சொன்னது வைவா பதில். தயங்கவில்லை. கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். குரல் நடுங்கவில்லை.

முட்டே வரலை

மீதி விடுமுறையை விடுதியிலேயே இருந்து படிக்கலாம் என்று திரும்பிக் கொஞ்ச நாள்தான் இருக்கும். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். ஒரு மத்தியானம் அய்யா போன் செய்தார். அய்யா போனில் அதிகம் பேசுகிறவர் இல்லை. சின்னம்மா கடல்ல மயங்கிருச்சு, ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கோம், உசிருக்கு ஒண்ணுமில்ல, நீ வா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் என்ன செய்தேன் தெரியுமா? சத்தியமாகச் சொல்கிறேன், மயக்கத்துக்கான காரணங்களை ஒல்லிப் புத்தகத்தில் இருக்கிற வரிசையிலேயே மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டு வந்தேன். ரத்தச் சோகையாக இருக்கும், காலையில் சாப்பிட்டிருக்க மாட்டாள், வெயிலாக இருக்கும். வரிசை பிசகவில்லை.

சின்னம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். மூக்கில் ஆக்ஸிஜன். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. பக்கத்தில் ராக்கு அக்கா, அவளோடு சேர்ந்து பாசிக்குப் போகிறவள், இன்னும் மாற்றாத, உப்புப் பூத்த சேலையோடு நின்றிருந்தாள். அவள்தான் பார்த்திருக்கிறாள். பஞ்சவர்ணம் முங்கி ரொம்ப நேரமாச்சே என்று தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்த்தால், கீழே கையும் காலும் அசையாமல் மிதந்தபடி இருந்திருக்கிறாள். முங்கிப் போய்த் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்திருக்கிறாள். இரண்டாள் ஆழம்தான். இன்னும் கொஞ்சம் ஆழமாக இருந்தால் இந்தக் கதையே வேறு.

என்ன நடந்தது சின்னம்மா என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆச்சரியம் போகாத குரலில் சொன்னாள்.

“முட்டே வரலை தாயி. நீ சொன்ன மாதிரி கூட்டி, முப்பது மூச்சு இழுத்துட்டுத்தான் எறங்குனேன். சொகமா இருந்துச்சு. முட்டு வரட்டும், ஏறுவோம்னு நெனச்சுக்கிட்டே பிடுங்குனேன். அது வரவே இல்ல.”

அவள் பிடியிலிருந்த கையை நான் உருவிக்கொண்டேன்.

ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும். அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது, எனக்கு முன்பே தெரியும் என்று. சாய்ஸில் விட்ட பாடத்தில் மட்டும் இல்லை, நான் நெட்டுருப் போட்ட பாடத்திலேயே அது இருந்தது. மூச்சு விடச் சொல்லி மூளையை முடுக்குவது முக்கியமாகக் கரியமில வாயுதான். லிஸ்ட்டில் நிறையக் கோடு வாங்கிய கேள்வி. படம் போட்டு, பாகம் குறித்து, ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் என்னால் எழுத முடியும். வேகமாக மூச்சு விட்டால் அந்த வாயு ரத்தத்தில் குறைந்துபோகும் என்பதும் அதே பதிலில் கீழே ஒரு வரி. சின்னம்மா முட்டு என்று சொன்னது இதைத்தான். அவள் தமிழில் கேட்டாள், நான் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். இரண்டும் ஒன்று என்று என் மண்டையில் ஏறவில்லை. முழு மதிப்பெண் வாங்குகிற பதில், என் வீட்டு மனுஷிக்கு உதவாத பதில். அப்படி ஒரு படிப்பு.

ஈரம் ஏறிய பக்கம்

அன்று சாயங்காலமே ஊருக்குப் போனேன். அலமாரியைத் திறந்து தடிப் புத்தகத்தை எடுத்தேன். பிளாஸ்டிக் தாள் சுற்றியும் கடற்காற்று உள்ளே போயிருந்தது. சில பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரிக்கும்போது கிழியாமல் இருக்க நகத்தால் நெம்பினேன்.

இருந்தது. எல்லாம் இருந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. எங்கோ ஒரு தேசத்தில் மூச்சடக்கி முங்குகிற பெண்களைப் பற்றி ஒரு பத்தி. முங்குவதற்கு முன் வேகமாக மூச்சு விட்டால் ஆக்ஸிஜன் சொல்லும்படியாகக் கூடுவதில்லை, ரத்தம் ஏற்கெனவே அதை நிறைய ஏற்றி வைத்திருக்கிறது. குறைவது கரியமில வாயு மட்டும். அதனால் மூச்சு முட்டுகிற உணர்வு வரத் தாமதமாகும். அதற்குள் ஆக்ஸிஜன் தீர்ந்துபோய், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நினைவு தப்பும். இழுக்கும்போது வருகிற தலைச்சுற்றல், கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டதற்கு அடையாளம்.

சின்னம்மா கேட்ட கேள்வி. ஏறக்குறைய அவள் கேட்ட வரிசையிலேயே. அவள் பணத்தில் வாங்கிய புத்தகத்தில், அவள் அட்டை போட்ட புத்தகத்தில், அவள் மூச்சைப் பற்றி எழுதியிருந்தது. அதை எனக்குப் பத்திரமாக வைத்துக் கொடுத்தவளும் அவள்தான். நான் அந்தப் புத்தகத்தை ஓங்கிச் சுவரில் அடித்தேன். அம்மா ஓடி வந்து என்ன என்று கேட்டாள். பல்லி என்றேன். அந்த நேரத்திலும் அடித்துவிடத்தான் வந்தது.

முப்பது பேர்

சின்னம்மா மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் கல்லூரிக்குத் திரும்பியிருக்கலாம். தேர்வு தலைக்கு மேல் இருந்தது. சின்னம்மா சாப்பிடாமல் இறங்கியதால் மயங்கினாள் என்று ஊரே பேசி முடித்துவிட்டது. என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் ராக்கு அக்கா போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னாள். நாளைக்கு நீர் வற்றுகிறது, எல்லோரும் இறங்குகிறோம், இப்போது நாங்கள் எல்லோருமே முப்பது மூச்சுதான், எங்க டாக்டரு சொல்லிருச்சுன்னு பஞ்சவர்ணம்தான் சொல்லிக் கொடுத்தாள் என்றாள். சொல்லும்போது அவளுக்கும் பெருமை.

மறுநாள் காலை கரைக்குப் போனேன். முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டும், கண்ணாடியில் எச்சில் துப்பித் துடைத்துக்கொண்டும் இருந்தார்கள். சின்னம்மா வேலைக்கு வரவில்லை, சும்மா வல்லத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் நடுவில் போய் நின்று, யாரும் முப்பது மூச்சு இழுக்காதீங்க என்றேன். ஏன் என்பதை அவர்கள் வார்த்தையிலேயே சொன்னேன். வேகமாக இழுத்தால் முட்டு செத்துப்போகும். முட்டு செத்தால் ஏறச் சொல்ல ஆள் இல்லை. நிதானமாக இரண்டு மூன்று மூச்சு போதும். ஒருத்தி முங்கினால் ஒருத்தி மேலே நின்று பார்க்க வேண்டும். தலை கிறுகிறுத்தால் அன்றைக்கு ஏறிவிட வேண்டும்.

கேட்டுக்கொண்டிருந்த ராக்கு அக்கா இடுப்பில் கை வைத்தாள்.

“முந்தி நீதானத்தா நல்லதுன்னு சொன்ன?”

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது. புதிதாக ஆராய்ச்சி வந்திருக்கிறது என்று சொல்லலாம். சின்னம்மா தப்பாகப் புரிந்துகொண்டாள் என்று சொல்லலாம். அடித்துவிட எனக்குச் சொல்லியா தர வேண்டும்?

“தெரியாமச் சொன்னேன்க்கா. அந்தப் பாடத்த நான் படிக்கல. சாய்ஸ்ல விட்டுட்டேன்.”

சாய்ஸ் என்றால் என்ன என்று யாரோ கேட்டார்கள். பரீட்சைக்கு வராது என்று தெரிந்தால் படிக்காமல் விடுவது என்று விளக்கினேன். ராக்கு அக்கா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு வல்லத்தின் பக்கமிருந்து சின்னம்மாவின் குரல் வந்தது. அவள் எழுந்து நின்றிருந்தாள்.

“தெரியலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா, நான் பாட்டுக்குப் பத்து மூச்சுலயே போயிருப்பேன்ல?”

பத்தும் அதிகம்தான் என்று புத்தகம் சொன்னது. ஆனால் அந்தப் பத்தில் அவள் இத்தனை வருடம் இறங்கி இறங்கி ஏறி வந்திருந்தாள். அதை முப்பதாக்கியது நான். அவள் மணலை உதறிவிட்டு என்னைத் தாண்டி வீட்டுக்கு நடந்தாள். அதற்கப்புறம் ஒன்றரை மாதம் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

பெண்கள் ஜோடி ஜோடியாகப் பிரிந்து இறங்கினார்கள். நான் வெயில் ஏறும்வரை அங்கேயே நின்று ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

வைவா

தேர்வு வந்தது. எழுத்துத் தேர்வில் ஆழ்கடல் பற்றிக் கேள்வி வரவில்லை. லிஸ்ட்டில் நிறையக் கோடு வாங்கியவை அப்படியே வந்தன. வெளியே வந்ததும் கார்த்தி அண்ணனை எங்கள் வகுப்புப் பையன்கள் தோளில் தூக்கிவிட்டார்கள். சொன்னேன்ல, சொன்னேன்ல என்று அவர் கத்தினார். அவர் சொன்னது சரிதான். சாய்ஸில் விட்டதால் எங்களில் யாருக்கும் ஒரு மதிப்பெண்கூடப் போகவில்லை. அன்றைக்கு அவர் சரியாக இருந்ததை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

வைவாவில் வெளியூர்த் தேர்வாளர் ஒருவர். களைத்த முகம், எதிரே ஆறிப்போன டீ. மூச்சு மண்டலத்தில் இரண்டு கேள்வி கேட்டார், சொன்னேன். மூன்றாவதாக, மலை உச்சிக்குப் போகிறவன் உடம்பில் முதல் இரண்டு நாளில் என்ன மாறும் என்றார். அதே பாடம்தான். நான் கடலை மட்டும் படித்திருந்தேன், மலையைப் படிக்கவில்லை.

தெரியாது சார் என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஏதாவது சொல்லும்மா, மார்க் போடணும்ல என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. ஒல்லிப் புத்தகமும், லிஸ்ட்டும், அண்ணனும் கற்றுக்கொடுத்ததையே மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் கேட்டார். ஏதாவது சொல். ஏதாவது.

தெரியாது சார், படிக்கல என்று மறுபடி சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு எதையோ குறித்துக்கொண்டார். வெளியே நின்ற தோழிகள் உனக்கென்ன கிறுக்கா என்றார்கள். பாஸானேன், மயிரிழையில்.

போன் வந்தது

சின்னம்மா இன்னும் பாசிக்குப் போகிறாள். ராக்கு அக்காதான் ஜோடி. முங்குவதற்கு முன் நிதானமாக இரண்டு மூச்சு. ஒருத்தி உள்ளே இருந்தால் ஒருத்தி வெளியே. அவள் இறங்குகிற நாளில் எனக்கு மத்தியானம்வரை எதிலும் மனம் ஒட்டாது.

என்னோடு பேசவும் ஆரம்பித்துவிட்டாள். பழையபடி இல்லை. ஒரு வித்தியாசம் உண்டு. அது ஒவ்வொரு தடவையும் குத்தும். குத்தட்டும் என்றுதான் நானும் விட்டிருக்கிறேன்.

முந்தாநாள், அந்த லிஸ்ட்டைப் பார்த்துக் கத்திவிட்டு நான் உட்கார்ந்திருந்தபோது போன் செய்தாள். ராக்கு அக்காவுக்குக் காதில் சீழ் வருகிறதாம், தண்ணீரில் இறங்கலாமா, அதோடு யாரோ கொடுத்த மாத்திரை ஒன்று இருக்கிறது, போடலாமா என்று கேட்டாள். இறங்கவே கூடாது என்றேன். மாத்திரையின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள். கேள்விப்படாத பெயர். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“நில்லு. இது படிச்சதா, சாய்ஸ்ல விட்டதா?”

“விட்டது சின்னம்மா” என்றேன். “பாத்துட்டுக் கூப்புடுறேன். அதுவரைக்கும் போட வேணாம்.”

“பாத்துட்டே கூப்புடு” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.